சுவரை மோந்த மாதிரி ஒரு பில்ஸ்னர்

ஆபீஸ் முடிந்து கிழக்கேகோட்டையில் ஒரு பீர் பார்லருக்குப் போனேன். ஸ்ட்ராங் வேண்டாம், லேசான பில்ஸ்னர் போதும் என்றேன். சப்ளையர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வீடியோ பார்த்துப் படித்த வித்தையெல்லாம் காட்டினேன். கிளாஸைச் சாய்த்து ஊற்றி, இரண்டு விரல் நுரை நிற்கவிட்டு, அந்த இளமஞ்சளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மோந்தேன்.

எதிரே ஸ்ட்ராங் குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"என்ன சாரே, கெட்டுப் போச்சோ?"

"இல்லண்ணே. இதுக்குன்னு ஒரு மணம் உண்டு. பச்சைப்புல் மாதிரி, சுட்ட ரொட்டி மாதிரி. மோந்து பாருங்க."

கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மோந்தார்.

"ஒண்ணும் தெரியல சாரே. கார் பெயின்ட் அடிக்கிற வேல. தென்காசிலேர்ந்து வந்த நாள் முதலா தின்னர் நெடிதான். மூக்கு செத்துப்போச்சு பாத்துக்கிடுங்க."

அவரே தொடர்ந்தார்.

"போன மாசம் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தலைய மோந்துட்டு எல்லாரும் பால் மணக்குதுங்காங்க. நானும் மோந்தேன். சுவத்த மோந்த மாதிரி இருந்துச்சு. பொண்டாட்டி கேட்டா, 'ஆமா, மணக்குது'ன்னுட்டேன்."

பிறகு என் கிளாஸை எடுத்து, உதடு படாமல் அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தார்.

"கசப்பு நல்லா தெரியுது சாரே. அது மட்டும் எங்கயும் போவல, அல்லே?"

மிச்சத்தை நான் மோந்து பார்க்கவில்லை. ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தேன்.

பில்ஸ்னரை அப்படிக் குடிக்கக் கூடாதுதான். பில்ஸ்னர் ரசிகர்கள் இந்தப் பதிவின் கமென்ட்டில் வந்து திட்டலாம்.