ஆறாவது குரல்

1. முன்பு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவுகளை நினைத்து, பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் பாடிய ஒப்பாரியை ஓர் அருங்காட்சியகத்துக்காகப் பதிவு செய்தேன்.
2. முன்னின்று பாடிய செல்லம்மாவின் குரலை மட்டும் வைத்து, மற்றவற்றை இரைச்சல் என்று நீக்கினேன்.
3. மூலப் பதிவை அழித்தேன்.

கண்டி அருங்காட்சியகத்தின் திறப்பு நாளில் செல்லம்மா ஹெட்போனில் அதைக் கேட்டார்.

"மத்தவங்க எங்க புள்ள?"

"உங்க வரி தெளிவா கேக்கணும்னு எடுத்துட்டேன்மா."

"ஒருத்தி மட்டும் அழுதா, புருஷன் அடிச்சிட்டான்னுல்ல நெனைப்பாங்க! அன்னைக்கு லயத்து வீடெல்லாமே காலியாச்சு புள்ள."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ராசம்மா குரலாவது வேற எங்கயாச்சும் இருக்கா?"

பாடிய அறுவரில் ஒருவரான ராசம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இல்லை என்றேன். செல்லம்மா ஹெட்போனை முந்தானையால் துடைத்து, கொக்கியில் மாட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கண்டியில் நான் வளர்ந்த மஹய்யாவ பகுதியின் மரண வீடுகளில் நானும் கூடச் சேர்ந்து அழுதவள்தான். கணினி முன்னால் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பஸ் மாறி மறுபடியும் பன்விலவுக்குப் போய்ப் பதிவு செய்தேன். எதையும் நீக்கவில்லை. இப்போது அருங்காட்சியகத்து ஹெட்போனில் ஐந்து குரல்கள் கேட்கின்றன.