நூறு பிரேமில் ஒரு குரவை

உள் அறையிலிருந்து, கல்யாணங்களில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குரவைச் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை முற்பகல்; அந்தத் தெருவில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. சத்தம் உச்சிக்குப் போய் இருமலாக உடைந்தது. பிறகு இரண்டு பெண்களின் சிரிப்பு.

"எனக்கு ஏலாது மகள். மாப்பிளயும் இல்ல, பொண்ணும் இல்ல. என்னத்தப் பாத்துக் குரவ போடுற?"

"திரையப் பாருங்க மாமி. அந்தா நீங்க வாயத் திறக்கிறீங்க. இப்பப் போடுங்க!"

திரையைப் பார்க்கச் சொன்னவர் நதீரா. நிந்தவூர்க்காரி. கிழக்கிலங்கையின் இந்தக் கரையோர ஊர்களில் பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ என்றால் அவரைத்தான் தேடுவார்கள். ஆண்கள் பக்கத்தைப் படம்பிடிக்க ஆயிரம் பேர். முக்காட்டைத் தளர்த்திவிட்டுப் பெண்கள் சிரிக்கிற அறைக்குள் கமெராவோடு நுழைய அவருக்குத்தான் அனுமதி. எடுத்ததை வெட்டி ஒட்டுவதும் அவரே, இந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தக் கதவு பெண்களுக்கு மட்டுமே திறக்கும். அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு நாள் கேட்கப் போன எனக்கும், நானும் பெண் என்பதால், திறந்தது.

நதீரா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். மின்குமிழை, பிறகு மின்விசிறியை. "இந்த லைட் துடிக்கும், ஷட்டர அம்பதுல வெக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் ஸலாம் சொல்வார். கறுப்பு அபாயாவுக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து. கல்யாண வீட்டில் சோறு வைத்தால் நின்றபடி உண்பார். "குந்தினா ஏதாவதொண்டு நடந்திரும்" என்பது அவர் அனுபவம்.

எல்லோரும் மயிரிழைகூடத் துல்லியமாகத் தெரியும் 'ஃபோர்கே' கேட்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. ஒரு மணப்பெண்ணின் தாய் அப்படிக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாளே ஓடிவந்தாராம். "என்ட முகத்துல பவுடர் வெடிச்சிக் கிடக்கு மகள், இதக் கொஞ்சம் மங்கலாக்கித் தா!" இதைச் சொல்லும்போது நதீரா அந்தத் தாயாகவே மாறிக் கன்னத்தைத் தடவிக் காட்டுவார்.

அன்று குரவை போட வந்திருந்தவர் சுஹறா. குரவைக்குப் பேர்போன பெண்மணி. போன மாதம் அவருடைய தம்பி முஹ்ஸினின் மகளுக்குக் கல்யாணம். முஹ்ஸினுக்குக் கத்தாரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. போனில் பார்க்கலாம் என்றிருந்தார். அன்று பார்த்து லைனும் விழவில்லை. "வீடியோ வரட்டும் ராத்தா, உங்கட குரவயக் கேக்கத்தான் காத்திட்டிரிக்கன்" என்று வாரா வாரம் பேசுகிறார்.

அந்தக் குரவைதான் வீடியோவில் இல்லை.

மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல்படியில் கால் வைப்பதை மெதுவாக ஓடவிட்டுக் காட்ட, நதீரா கமெராவை நொடிக்கு நூறு பிரேமுக்கு மாற்றியிருந்தார். அந்தக் கமெராவில் நூறுக்கு வைத்தால் சத்தம் பதியாது. மாப்பிள்ளை படியேறியதும் இருபத்தைந்துக்குத் திருப்பியிருக்க வேண்டும். திருப்ப மறந்துவிட்டதாகச் சொன்னார். சுஹறாவின் நாக்கு திரையில் கடல் அலைபோல அசைகிறது. ஒரு முனகல்கூட இல்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. நூறு பிரேமில் எடுத்ததை வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்து, அதைப் பார்த்துப் பார்த்து சுஹறா தன் நாக்குக்குத் தானே குரல் கொடுக்க வேண்டும். சிரிப்பில் கெட்டது, இருமலில் கெட்டது, ஒரு முறை கோழி கூவிக் கெடுத்தது. கடைசியில் அவர் கண்ணைத் திரையில் ஊன்றி, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்துப் போட்டார் ஒரு குரவை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பொருந்திட்டு மாமி!" நதீரா கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பொறு. மாத்த மறந்த எண்டியே. நீ மறக்கிறவளா?"

நதீரா மறுபடி கதிரையில் அமர்ந்தார். பழைய வீடியோத் துண்டை அதன் மெதுவான ஓட்டத்தில் போட்டார். வாய் திறந்திருக்கிறது. நாக்கு அசைகிறது. வழக்கமான வேகத்தில் முக்காட்டைச் சரிசெய்வதுபோலத் தெரிந்த இடது கை, இங்கே ஆறுதலாக மேலே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு இறங்கியது. அந்தச் சிரிப்புக் கூட்டத்துக்கு நடுவே தம்பிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்!

"இத அண்டைக்கே கண்டன் மாமி. கை பொத்தானுக்குப் போகல்ல."

சுஹறா மூக்கை உறிஞ்சினார். "நான் அழல்ல எண்டு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன்."

"எத அனுப்புற? மெதுவாப் போறதயா, சத்தத்தோடயா?"

"அவன் அங்க தனியக் கிடக்கான் மகள். இதப் பாத்தா அவனுக்குச் சோறு இறங்குமா? சத்தத்தோட அனுப்பு. குரவயக் கேட்டுச் சிரிக்கட்டும்."

நதீரா அப்போதே அனுப்பிவைத்தார். சுஹறா எழுந்து கதவைத் திறந்தார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள்.

"சுஹறா ராத்தா, ஆருக்குக் கலியாணம்? எங்களுக்குச் சொல்லல்லயே!"

"எனக்குத்தான்! வலீமாச் சோத்துக்குப் புள்ளகளையும் கூட்டிட்டு வாங்க!"

வேலியே சிரித்தது. சுஹறாவும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். பிறகு திரும்பி, நதீராவின் காதருகே குனிந்தார்.

"அந்த மெதுவானத அழிச்சிராத. எனக்கு மட்டும் அனுப்பு."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார். அவர் தெருவில் திரும்பும்வரை பார்த்து நின்ற நதீரா, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.