பொங்கல் படத்தில் நாற்காலி தூக்கியவர்

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊரில் எங்களைப் போல நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம். பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கேஃபடீரியாவை வாடகைக்கு எடுப்போம். முடிந்ததும் நாற்காலிகளையெல்லாம் மடித்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்த வேலை என் தலையில்தான். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருப்பார். சங்கத் தலைவராக வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. போன வருஷம் நின்று தோற்றார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பாவம்.

இந்த வருஷமும் விழா அன்றைக்கே தேர்தல். மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் பெரிய படத்தை, ஹைஸ்கூலில் படிக்கும் எங்கள் மகள் கராஜில் வரைந்துகொண்டிருந்தாள். இவர் மெல்லப் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பானைகிட்ட ஒருத்தர் நிக்கறார் பாரு, அவருக்கு என் முகத்தை வெச்சிடேன்டா கண்ணா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளியில் அப்போதுதான் இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ளாரன்ஸ் நகரத்தை ஆட்டிவைத்த ஒரு பணக்காரக் குடும்பம், சாமி ஊர்வலப் படத்துக்குள்ளேயே தங்கள் முகங்களை வரையவைத்ததாம். அதிலும் ஊரையே கைக்குள் வைத்திருந்த பெரியவர், குதிரையில் வராமல் கோவேறு கழுதைமேல் பணிவாக வருவாராம். பார்க்கிறவன் உருகிப்போவான் இல்லையா?

"தட்ஸ் த ஸ்மார்ட் பார்ட், அப்பா. உங்களையும் அப்படியே வரையறேன். டீல்?"

"டீல். ஆனா கழுதையெல்லாம் வேணாம்மா."

விழா அன்று திரையை விலக்கினார்கள். சூரியன், கரும்பு, பொங்கும் பானை. ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கக்கத்திலும் நாற்காலிகளை இடுக்கிக்கொண்டு, வியர்வை வழிய என் வீட்டுக்காரர்! "அங்கிள் எவ்ளோ சிம்பிள் பாருங்க" என்று பக்கத்தில் ஒரு பெண் உருகினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, இந்த மனுஷன் ஒரு நாற்காலியையாவது தொட்டிருப்பாரா? அழுகையே வந்துவிட்டது. சாப்பாடு முடிந்து ஓட்டுப் போட்டார்கள். அமோகமாக ஜெயித்தார்.

மகளை ஓரமாக இழுத்துப்போனேன். "ஏன்டி, இத்தனை வருஷமா நாற்காலி தூக்கினது யாரு? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றாள். அவள் நகத்தில் மஞ்சள் பெயின்ட் இன்னும் போகவில்லை. "நவ் ஹி ஹாஸ் டு டூ இட்."

திரும்பிப் பார்த்தேன். கிளம்பவேண்டிய கூட்டம் கிளம்பாமல் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுத் தலைவர் கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நாற்காலியைப் பிடித்தார். விரல் நசுங்கியிருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இதை எப்படிம்மா மடிக்கறது?"

எட்டு வருஷத்தில் முதல்முறையாக, உட்கார்ந்துகொண்டே சொல்லிக்கொடுத்தேன்.