நான் மாற்றிவைத்த முதல் சாய்ஸ்

போன வியாழக்கிழமை ஒரு தப்பு செய்தேன். உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கும்...

மகளுக்கு என்ஜினீயரிங் கவுன்சலிங். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று ஆன்லைனில் வரிசைப்படுத்த வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். முதலிடத்தில் கோயம்புத்தூர். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் போய் வரக்கூடிய பூந்தமல்லி கல்லூரி — ஒன்பதாவது இடத்தில்.

லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒன்பதாவதை மவுஸால் பிடித்து மேலே இழுத்தேன். எவ்வளவு சுலபமாக வருகிறது தெரியுமா? முதலிடத்தில் விட்டேன். ‘சேவ்’ பட்டனையும் அமுக்கிவிட்டேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது — என்ன காரியம் செய்திருக்கிறேன்? இரண்டு வருடம் அவள் விழுந்து விழுந்து படித்தது அந்த முதல் வரிக்காகத்தானே?

பால்கனிக்கு ஓடினேன். சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்த வானகரம் பிரவுசிங் சென்டர் குமாருக்கு போன் போட்டேன்.

“இன்னாக்கா, மூச்சு வாங்குது?”

நடந்ததைச் சொன்னேன்.

“பட்டன அமுக்கினா போய்டுச்சின்னு அர்த்தம் இல்லக்கா. நீ இழுத்து வுட்டது உன் ஸ்க்ரீன்லதான் கீது. அது சர்வருக்குப் போயி, அங்கேர்ந்து ‘வாங்கிக்கினேன்’னு பதில் வரணும். இப்ப இன்னா காட்டுது?”

“சுத்திக்கிட்டே இருக்கு.”

“அப்ப பதில் வரல. நீ எதையும் தொடாத. பாப்பாவாண்ட சொல்லிடு. அது உஷாரு, பாத்துக்கும்.”

தலையில் துண்டோடு வந்தவளிடம் சொல்லிவிட்டேன். மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை என்றால் அது பொய்.

அவள் கத்தவில்லை. மறுபடி லாகின் செய்து பட்டியலைத் திறந்தாள். அந்தச் சில நொடிகள்... முதலிடத்தில் கோயம்புத்தூர்.

“நெட் ஸ்லோம்மா. நீ அனுப்பினது போகவே இல்ல.” பிறகு என்னைப் பார்த்தாள். “என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

“ஆமா, சொல்லுவேன். அதுக்குத்தான கேக்கிறது?”

“அங்க உனக்கு ஜுரம் வந்தா யாருடி கஞ்சி வைப்பா?”

“போன ஜுரத்துக்கு மட்டும்? நீ பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டு இருந்த. நான்தான் எழுந்து போய் கஞ்சி வெச்சேன்.”

அதுவும் உண்மைதான். பிள்ளைகளின் வாழ்க்கையை நாம் நம் திரையில் வரிசை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். பதிவாவது வேறெங்கோ!

கடைசியாக அந்தப் பட்டியலை லாக் செய்ய வேண்டும். அதற்கான ஓடிபி, பதிவு செய்த எண்ணுக்கு வரும். நம் வீடுகளில் எந்தப் பிள்ளையின் படிவத்தில் அப்பா, அம்மா நம்பர் இல்லாமல் இருக்கிறது? என் போன்தான் சிணுங்கியது.

“நம்பர் சொல்லும்மா.”

ஐந்து எண்களை மளமளவென்று சொல்லிவிட்டேன். ஆறாவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது. கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.