ஆறு வாரம்

மாங்காய் ஏற்றிக்கொண்டு நாகரசம்பட்டியிலிருந்து அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போன மாட்டுவண்டியிலிருந்து, ஜூஜுவாடி தாண்டியதும் விழுந்தேன். வலது தோள்பட்டை தரையில் மோதியது. எழுந்து தடவினால், காறை எலும்பின் நுனி தோளுக்கு மேல் புடைத்து நின்றது. அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும். வலைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிக் காய் பறிப்பதுதான் என் பிழைப்பு.

கூட வந்த அண்ணன் அத்திப்பள்ளியிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். ஆமாம், போனான்தான், அவனுக்கு என் வாயில் இனி மரியாதை வராது. டாக்டருக்குக் கன்னடம் மட்டும்தான். எனக்கு அது சுத்தமாகத் தெரியாது. சந்தைக்குப் போய்ப் போய் அண்ணன் தண்ணீராகப் பேசுவான். டாக்டர் புடைப்பின்மேல் பஞ்சு வைத்துப் பட்டை போட்டு இறுக்கினார். முழங்கையைத் தாங்கக் கழுத்திலிருந்து துணி கட்டினார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திச் சொன்னார்: "ஆறு வார கை எத்தபேடா."

வெளியே வந்ததும் அண்ணனிடம் கேட்டேன். "ஆறு வாரம்னாருங்களாண்ணா?"

"அட, ஆறும்னு சொல்றாருடா. ஒரு வாரத்துல ஆறிருமாம். அப்புறம் கோலை எடுக்கலாமாம்."

நம்பிவிட்டேன். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? எட்டாம் நாள் அவனே கட்டை அவிழ்த்தான். அவன் குத்தகைக்கு எடுத்த தோப்பில் காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி மரம் வரை பறித்துக் கொடுத்தேன்.

புடைப்பு இறங்கவே இல்லை. கை நெஞ்சுக்கு மேல் எழாமல் போயிற்று. மறுவருஷம் அண்ணன் என் கோலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னை வண்டி ஓட்டச் சொன்னான்.

சந்தைக்குப் போய்ப் போய் எனக்கும் கொஞ்சம் கன்னடம் பிடிபட்டிருந்தது. அத்திப்பள்ளியில் ஒரு கன்னட வண்டிக்காரர், பெண்டாட்டி பிரசவத்துக்குப் போய் "ஆறு வார ஆயித்து" என்று அலுத்துக்கொண்டார். சொல்லும்போதே விரலும் காட்டினார். ஒரு கையில் ஐந்து, மறுகையில் ஒன்று. நம் ஆறுதான் அவர்கள் ஆறும். அன்று என் காதில் விழுந்ததுதான் சரி; ஆறு வாரம் கையைத் தூக்காதே என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவன் கழுத்தறுத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "டாக்டரு சொன்னது அன்னிக்கு உனக்குப் புரியலையாண்ணா?"

"புரிஞ்சுது," என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஆறு வாரம் நீ உக்காந்துட்டா தோப்பை யாருடா பறிக்கிறது?"

அறையக் கை ஓங்கினேன். வலது கை நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. அண்ணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினான்.