காக்கைச் சோற்றைத் தின்ற கோழி

"மாமனார் வருஷத் திதி. காக்கா வரலை."

அடுத்த கட்டத்தில், "கோழி சாப்பிடலை."

குதிரைப் பந்தய நாட்களைக் குறித்திருக்கும் எங்கள் வீட்டுக் குதிரைக் காலண்டரில் அம்மா பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் இவை. ஆண்டு அச்சிட்டிருந்த மேல்பகுதியை யாரோ கிழித்துவிட்டார்கள். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி என்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அப்பாவைக் கேட்டால் மூன்றாம் ஆண்டு என்கிறார். அத்தை பேசுவதைக் கேட்டால் அந்த வருடம் நான் பிறந்திருந்தேனா என்றே சந்தேகம் வந்துவிடும். ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லாமல் போனதை எழுத உட்கார்ந்தாலே எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தொல்லை.

ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கச் சந்தோடு ஒட்டிய சுவருக்கு அருகே அம்மாவின் கோழிக்கூண்டு. அதில் இருந்தது ஒரே ஒரு செவலைக் கோழி. அப்பா தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கேயே ஓர் அறையில் தங்கி, விடுமுறைக்கு வருவார். வேலை செய்த ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தாத்தா தெலுக் இந்தானில் அத்தையோடு இருந்தார். அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தும் போனார். அவருடைய முதல் திதியை மூத்த மகன் வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லி, பஸ் ஏறி வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய புளுட். பசையரிசியை வாழையிலையில் சுருட்டிச் சுட்ட பலகாரம் அது. தாத்தாவுக்கு உயிர்.

படையல் முடிந்து, காகத்துக்கு ஒரு பங்கைப் பின்சுவரில் வைத்தார் அப்பா. சோறு, வடை, அத்தையின் வற்புறுத்தலால் இலையோடு இரண்டு புளுட். காகம் எடுத்தால்தான் நாங்கள் சாப்பிடலாம். காகம் வரவில்லை. பசார் பக்கம், அதாவது சந்தைப் பக்கம், காகங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அப்பா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். வந்தவை இரண்டு மைனாக்கள். அவையும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

"எப்படிடா வரும்?" என்றார் அத்தை. அப்பா வாளியிலிருந்து இறங்கினார்.

அந்த நேரத்தில்தான் கோழி வெளியே வந்தது. கூண்டை நான் திறந்துவிட்டேன் என்பது அத்தையின் வாக்குமூலம். தாழ்ப்பாள் பழுதாகிப் பல நாள் ஆகிவிட்டது என்பது அம்மாவின் வாக்குமூலம். எதுவாக இருந்தாலும், அது தொட்டிமேல் தாவி, சுவர்மேல் ஏறி, காகத்தின் பங்கை ஆவேசமாகக் கொத்தத் தொடங்கியது. அம்மா விளக்குமாற்றைத் தூக்கினார்.

"வெரட்டாத! சாப்புடட்டும்!" அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, அப்பா வந்துட்டாருடா," என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறவர். பசி தாங்காதவர். "மச்சான், அது கோழிலா. எல்லாத்தையும் திங்கும். நேத்து என் சிலிப்பரக் கொத்திச்சு," என்றார்.

"பசியோட சாப்புடுது பாரு," என்றார் அப்பா, காது கேட்காதவர் போல.

கோழி புளுட்டையும் தின்றது. சுற்றியிருந்த இலையையும் நார் நாராகக் கிழித்து விழுங்கியது. பிறகு நாங்கள் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அது கூண்டின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு நின்றது. கழுத்துக்குக் கீழே, தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்கும் தீனிப்பை பந்துபோல் புடைத்திருந்தது. விடியும்போது அது காலியாக இருக்க வேண்டும். அம்மா அமுக்கிப் பார்த்தார். பிசைந்து மறந்துபோன மாவுபோல் இறுகிக் கிடந்தது.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "அப்பா பேர்ல வெச்ச சோறு. அதச் சாப்ட்டுட்டு இது செத்துப்போச்சுன்னா, அவரு வேணாம்னு சொல்லிட்டாருன்னுதான் அர்த்தம்."

உயிராக விரும்பிச் சாப்பிட்ட புளுட்டை ஒருவர் ஏன் வேண்டாம் என்பார் என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கவும் இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் கோழிக்கு மருந்து கொடுப்பது பெரும்பாடாகிவிட்டது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினால் வாய்வழியே வந்துவிடும் என்று மாமா கிளம்பினார்.

"எங்கப்பாவத் தலகீழாப் புடிக்கப் போறியா?" என்று அப்பா கத்தினார்.

அம்மா பூண்டு நசுக்கி நல்லெண்ணெயில் போட்டுக்கொண்டு வந்தார். "அப்பாவுக்குப் பூண்டு ஆகாதேம்மா," என்றார் அத்தை.

"அண்ணி, கோழிக்கு ஆகும்," என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் கோழியைக் கூடையில் வைத்து, காடியில், அதாவது காரில், ஈப்போவுக்குப் போனோம். அங்கே ஒரு பிராணி மருத்துவமனை. காத்திருந்தவை எல்லாம் பூனைகள். அவை எங்கள் கூடையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மேசையில் இருந்த பெண் மலாயில் பிராணியின் பெயர் என்ன என்று கேட்டாள். அப்பா திகைத்து நின்றார்.

"உங்கப்பா பேரச் சொல்லுங்க. பொருத்தமா இருக்கும்," என்றார் அம்மா.

அப்பா "ஆயாம்" என்றார். மலாயில் கோழி. அந்தப் பெண் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா தீனிப்பையை விரலால் தடவிப் பார்த்தார். பசையரிசி இறுகிவிட்டது, இலைநாரும் சிக்கியிருக்கிறது என்றார். தீனி எதுவும் கூடாது. தண்ணீர் வைக்கலாம், சில சொட்டு எண்ணெய் விடலாம், மெதுவாகப் பிடித்துவிட வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதைச் செய்யவே கூடாது. இளகவில்லை என்றால் கொண்டுவாருங்கள், வெட்டி எடுத்துவிடலாம். "வெட்டி" என்றதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தீனி கூடாது. இதைவிட எளிதான உத்தரவை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியாது. எங்கள் குடும்பத்தால் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. தீனிப்பை இளகுவதும் மறுபடி இறுகுவதுமாக இருந்தது. நான் ஒளிந்திருந்து பார்த்தேன். அத்தை முந்தானைக்குள் சோற்றுருண்டையை மறைத்துக்கொண்டு போய் ஊட்டினார். அம்மாவிடம் சொன்னேன்.

"எங்கப்பாவப் பட்டினி போடச் சொல்ற டாக்டரு என்ன டாக்டரு?" என்றார் அத்தை, பிடிபட்ட வருத்தமே இல்லாமல். விசாரணை நீண்டபோது, மாமாவும் மண்புழு தோண்டிப் போட்டது வெளிவந்தது. "பசிக்குதுன்னு பாத்திச்சு. கசியான்லா, பாவம்," என்றார்.

அம்மா கோழியைக் கூடையோடு பின்பக்கக் குளியலறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று மாலை அப்பா தொழிற்சாலைக்குப் போன் போட்டு, மலாயில் கெஞ்சி, விடுப்பை நீட்டித்தார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. போனை வைத்ததும் அம்மா சொன்னார்:

"கோழிக்கு லீவு போட முடியுதுலா, உங்களால!"

அத்தை, துடைத்த சமையலறை மேசையை மறுபடி துடைக்கத் தொடங்கினார். மாமா லாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

லீவு வீணாகிறதே என்றுதான் அம்மாவுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் திருட்டுத்தனமாகத் தீனி போடவில்லை. அப்பா குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கோழியைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்வது என் வேலை. அவர் கட்டைவிரலால் தீனிப்பையை வட்டமாகத் தடவுவார், நிறுத்துவார், மறுபடி தடவுவார். எனக்கு முட்டி மரத்துப்போகும். கோழி பின்பக்கமாக என் சட்டையை நாசமாக்கும். அசையாதே என்று திட்டு எனக்கு, கோழிக்கு இல்லை.

அப்படி ஒரு மத்தியானம், நான் இருப்பதை மறந்தவர்போல அப்பா கோழியிடம் பேசினார்.

"ஆஸ்பத்திரிக்கு வரணும்னுதான் இருந்தேன். ஷிப்ட்டு. வுட்டுட்டு வர முடியல."

தப்பான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அப்போதே எனக்கு முடியாது. "அப்பா, நாமதான் போனோமே! ஈப்போவுக்கு. நீங்கதான் காடி ஓட்டுனீங்க," என்றேன்.

அப்பாவின் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. போனோம்," என்றார். மறுபடி தடவத் தொடங்கினார்.

அதே வாரத்தில் நடந்ததைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியாத பெரியவர்களை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டொரு நாளில், ஒரு காலை நேரம், குளியலறைக்குள்ளிருந்து பெரிய கூச்சல். கதவைத் திறந்தால், கோழி கூடையைக் கவிழ்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. தீனிப்பை காற்றுப்போன பலூன்போலத் தொங்கியது. தரையில் எச்சம், அதில் பச்சையாக இலைநார். அப்பா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பரிசு விழுந்த சீட்டைக்கூட ஒருவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்பா ஏத்துக்கிட்டாரு," என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி, இது கோழி. இனிமேலயும் இது கோழிதான். யாரும் சோறு ஊட்டாதீங்க," என்று அம்மா குளியலறையைக் கழுவ வாளியை எடுத்தார். அப்பா அவர் கையிலிருந்து வாளியை வாங்கித் தானே கழுவினார். அன்றே தஞ்சோங் மாலிமுக்குக் கிளம்பிவிட்டார்.

தாத்தா இறந்த நாளைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு முன்னதாகவே போன் செய்து, உடனே வரச் சொன்னதாக அத்தை சொல்கிறார். ஷிப்ட்டில் இருந்ததாகவும், விட மறுத்துவிட்டார்கள் என்றும் அப்பா சொல்கிறார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே ஷிப்ட் இருந்ததா என்பது அம்மாவுக்குத் தெரியும். கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. எனவே அந்தத் தகவல் இன்னும் சரிபார்க்கப்படாமல்தான் இருக்கிறது.