விமலேஸ்வரிக்கு என்ன வருத்தம்?

எங்கள் வட்டக்கச்சிப் பக்கம் ஒருவர் கொழும்புக்குப் போகிறார் என்றால், அந்த நாளில் அது ஒன்றில் வழக்கு, இல்லாவிட்டால் வருத்தம். வருத்தம் என்றால் நோய். உத்தியோகக்காரர் போவார்கள் வருவார்கள், அவர்களை விடுங்கள். வயல் செய்கிற சனத்துக்குக் கொழும்பு என்பது பெரியாஸ்பத்திரிதான். அங்கே கடலும் இருக்கிறது, ஐஸ்கிறீமும் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பது யாருடைய மண்டையிலும் ஏறியதில்லை. என் தம்பி பெண்சாதி விமலேஸ்வரியின் மண்டையில் ஏறியது. பிறகு அதை இறக்க என்னாலும் முடியவில்லை, கடவுளாலும் முடியவில்லை. நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விமலா சுழிபுரத்தில் பிறந்தவள். என் தம்பி கனகலிங்கத்தைக் கட்டி, குடியேற்றத் திட்டத்தில் அவனுக்குக் கிடைத்த காணிக்கு வந்தாள். பக்கத்துக் காணி அவனுடைய அக்காவான என்னுடையது. அவள் வந்த புதிதில் வாழைத்தோட்டத்துக்குள் யானை புகுந்துவிட்டது. ஆம்பிளைகள் எல்லாரும் பந்தம் கொளுத்த ஓடித்திரிய, இவள் குசினி யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அது வாழையை எப்படி உரித்துத் தின்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு விடுப்புப் பிடித்தவள், புதினம் ஒன்றையும் பார்க்காமல் விடமாட்டாள். குளம் நிரம்பி வான் பாய்கிறதா, பார்க்க வேண்டும். றோட்டில் லொறி பிரண்டு கிடக்கிறதா, பார்க்க வேண்டும். நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அடுத்த லொறியையும் பார்க்கப் போவாள்.

கலியாணம் கட்டிப் பத்து வருஷத்துக்குக் கிட்ட ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கினார்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள், யாழ்ப்பாணத்தில் டொக்டர்மார் வீட்டு வாசல்களில் காவல் இருந்தார்கள். ஊரில் அவர்களுடைய பெயரைச் சொல்லும்போதே சனம் ஒரு 'பாவம்' சேர்த்துத்தான் சொல்லும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்திரண்டோ மூன்றோ, அந்த வருஷம் காலபோகம் நல்ல விளைச்சல். சூடு அடித்து நெல்லெல்லாம் மூட்டையாகி வீட்டுக்கு வந்துவிட்டது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க இன்னும் நாள் கிடந்தது. சித்திரை வருஷப்பிறப்புக் கழிய ஒரு கிழமை சும்மா இருக்கலாம் என்று தம்பி சொல்லிவிட்டான். சும்மா இருப்பதை ஏன் வட்டக்கச்சியில் இருக்க வேண்டும் என்று விமலா கேட்டாள். அங்கேதான் தொடங்கியது.

முற்றத்து மணலைக் கூட்டி மட்டமாக்கி, குச்சியால் கோடு கீறி, ஊர் ஊராகச் சோளமணி வைத்தாள். முதலில் கொழும்பு. வெள்ளவத்தையில் அவளுடைய சித்தப்பா மகன் யோகநாதன் கிளாக்கராக இருந்தான், அவன் வீட்டில் மூன்று நாள் தங்கல். காலிமுகத்திடலில் நடப்பது, கப்பல் பார்ப்பது, தெஹிவளையில் மிருகங்கள் பார்ப்பது. யானை பார்க்க நீ கொழும்புக்குப் போகவேண்டுமா என்று நான் கேட்டேன். வட்டக்கச்சி யானை எங்களைப் பார்க்க வருகிறது, தெஹிவளையில் நாங்கள் யானையைப் பார்க்கப் போகிறோம், இரண்டும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு மலைநாடு. கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், அங்கிருந்து நுவரெலியா. சித்திரையில் அங்கே பூக்கண்காட்சி நடக்குமாம், சனம் வாயால் புகை விடுகிற அளவுக்குக் குளிருமாம். கோழி வந்து நுவரெலியாவை விழுங்கிவிட்டது. அவள் கோழியைத் துரத்திவிட்டு வேறொரு நுவரெலியா வைத்தாள்.

பஸ்ஸில் போகலாம்தானே என்று தம்பி இழுத்தான். அதற்கு அவள் சம்மதிக்கவே இல்லை. பஸ் நிற்கிற இடத்தில்தான் இறங்கலாம், அவளுக்கு நினைத்த இடத்தில் இறங்க வேண்டும். ஓர் அருவியைக் கண்டால் நிற்பாட்டி, காலை நனைத்து, கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். ஆகவே கார் வேண்டும்.

காருக்கு வழி இருந்தது. தம்பி உழவு மெசின் ஓட்டுகிறவன், எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவான். கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருந்த செல்வநாயகம் முதலாளியின் ஒஸ்ரின் கார், கோழி அடைகாக்கிற நிலையில் கிடந்தது. அதைத் திருத்தி ஓடவைத்தவன் இவன்தான். தேவை வந்தால் கொண்டுபோ என்று முதலாளி அப்போதே சொல்லியிருந்தார். தம்பி போய்க் கேட்க, சரி என்றும் சொல்லிவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

இப்போது தம்பிக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவன் வாழ்நாளில் மலையில் வண்டி ஓட்டியதில்லை. வன்னியில் மேடு ஏது? கண்ணுக்கு எட்டியவரை ஒரே மட்டம். எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை இரணைமடுக் குளக்கட்டுதான். அடுத்த நாள் புருஷனும் பெண்சாதியும் காரை எடுத்துக்கொண்டு நுவரெலியா ஏறிப் பழகக் குளக்கட்டுக்குப் போய்விட்டார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள், பாரம் வேண்டுமாம்.

அந்தக் கூத்தை நான் எப்படிச் சொல்வேன்! கட்டின் சரிவில் பாதி ஏறியதும் தம்பி காரை நிற்பாட்டுவான். விமலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து, பின் சில்லுக்கு அடியில் மரக்கட்டையை வைப்பாள். அவன் மறுபடி கிளப்ப வேண்டும். முதல் தரம் கார் பின்னால் வந்து கட்டையையும் தாண்டிப் பற்றைக்குள் போனது. நான் உள்ளே இருந்து முருகா முருகா என்று கத்தினேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ கார் ஒரு முக்கு முக்கிக் கட்டின் உச்சிக்கு ஏறிவிட்டது. விமலா கீழே நின்று கைதட்டினாள். சைக்கிளில் வந்த நீர்ப்பாசன ஓவசியர் இறங்கி, குளக்கட்டில் என்ன சேட்டை என்று அதட்டினார். சேட்டையில்லை ஐயா, மலை ஏறிப் பழகுகிறோம் என்று அவள் விளக்கம் சொல்ல, அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு போனார். வீடு வரும்வரைக்கும் மூவரும் சிரித்தோம். அவ்வளவு புளுகத்தை, அவ்வளவு சந்தோஷத்தை, நான் அந்த இரண்டு பேரின் முகத்திலும் அதற்கு முதல் கண்டதில்லை. எனக்கும் வயிறு குளிர்ந்து போயிற்று.

பிறகுதான் கெட்டது. விமலாவிடம் சூட்கேஸ் இல்லை. பித்தப்பை ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போய்வந்த சிவனேஸ்வரி அக்காவிடம் ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு. விமலா போய்க் கேட்டாள். கொழும்புக்கு என்றதும், என்ன வருத்தம் என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக் கீழே பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிள்ளை இல்லாத பெண் கீழே பார்த்துக்கொண்டு 'ஒண்டுமில்லை' என்று சொன்னால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? பொழுது சாயுமுன் விமலா கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டப் போகிறாள் என்று விசுவமடு வரைக்கும் கதை போய்விட்டது.

சனம் வரத் தொடங்கியது. ஒருத்தி முட்டை கொண்டு வந்தாள், ஒருத்தி ஹோர்லிக்ஸ் கொண்டு வந்தாள், இன்னொருத்தி கோயில் திருநீற்றைக் கொண்டு வந்து கேட்காமலே விமலாவின் வயிற்றில் பூசிவிட்டாள். எங்கள் அம்மா தம்பியுடன்தான் இருந்தார். அவர் அன்று தொடக்கம் ஒருநேரச் சாப்பாடு, விரதம். செல்வநாயகம் முதலாளி இரண்டு புது ரயர் போட்டுத் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார், நோயாளி குலுங்காமல் போக வேண்டுமாம். அதோடு விட்டார்களா? ஆஸ்பத்திரியில் பெண்துணை வேண்டும், நானும் வருகிறேன் என்றார் அம்மா. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது, ஆகவே கொழும்பு தெரிந்த சிவனேஸ்வரி அக்காவும் வருவதென்று முடிவாயிற்று. இரண்டு பேர் போகவிருந்த பயணத்தில் இப்போது நாலு பேர், அதில் இரண்டு பேர் தாதிமார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொல்லடா என்று தம்பியைப் பிடித்து உலுக்கினேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். சும்மா ஊர் சுற்றப் போகிறோம் என்றால் அம்மா விடமாட்டார், முதலாளி காரை மறித்துவிடுவார், இப்படியே போய்விட்டு வந்துவிடுவோம், நீ வாயைத் திறவாதே அக்கா என்றான். ஆம்பிளைகளுக்குப் பொய் ஒரு குறுக்குப் பாதை, அதைச் சுமப்பது வேறு ஆள்.

சுமந்தவள் விமலா. முற்றத்தில் கோடு கீறுவது நின்றுவிட்டது. நுவரெலியா என்ற பேச்சே இல்லை. நான் நெல் புடைக்கிற சாட்டில் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்டேன். நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"இப்பிடிப் போனால், வந்தாப்பிறகு மாசம் மாசம் எல்லாரும் என்ரை வயித்தைத்தான் பாப்பினம், மச்சாள். ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சால் கொழும்பு டொக்டரும் கைவிட்டிட்டார் எண்டு கதைப்பினம். அதுக்குப் போகாமலே இருக்கலாம்."

போகாமல் இருக்காதே என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. ஆனால் நான் சுளகை எடுத்து நெல்லைப் புடைத்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் முதலாளி தாமே காரைக் கொண்டு வந்துவிட்டார். கழுவித் துடைத்து, கதவெல்லாம் மின்னிக்கொண்டு நின்றது. அம்மா டிக்கியைத் திறந்து வெள்ளைத் துப்பட்டி, சுடுதண்ணிப் போத்தல், படிக்கம் எல்லாம் அடுக்கினார். சிவனேஸ்வரி அக்கா நேரத்தோடு பின் சீற்றில் ஏறி வெற்றிலையும் போட்டுக்கொண்டு இருந்தார். ஒழுங்கைச் சனம் படலைக்கு வெளியே நின்றது. விமலா வெளியே வந்தாள். வருஷப்பிறப்புக்கு எடுத்த பூப்போட்ட நைலெக்ஸ் சேலை உடுத்து, தலைக்குப் பூவும் வைத்திருந்தாள். அம்மா ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு ஏன் பிள்ளை இந்தச் சேலை, போய்ப் பழசொன்றை உடுத்துக்கொண்டு வா என்றார்.

விமலா போகவில்லை. கார்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, நான் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்கள் ரண்டு பேரும் சும்மா ஊர் பாக்கப் போறம்."

என் வீரத் தம்பி காரின் பொனற்றைத் திறந்து தலையை அதற்குள் விட்டுக்கொண்டான்.

"சும்மாவோ?" என்றார் அம்மா.

"ஓம் மாமி, சும்மா. நாகதம்பிரானிட்டைப் போனம், அம்மனிட்டைப் போனம், டொக்டர்மாரிட்டைப் போனம். போன வழியிலை என்ன கிடந்ததெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. தலையைக் குனிஞ்சுகொண்டுதானே போனனான். இந்தமுறை நிமிந்து பாத்துக்கொண்டு போகவேணும். பிள்ளை கிடைச்சால் கிடைக்கட்டும் மாமி. அதுக்காண்டி இப்ப போகேல்லை."

லொறி பிரண்டாலும் பார்க்கிற பெண், அத்தனை பயணத்திலும் ஒன்றையும் பார்க்கவில்லையாம். அம்மா அசையாமல் நின்றார்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. கார்ச் சாவியை, திறப்பை, நீட்டியிருந்த கையை மெதுவாக மடக்கினார். வருத்தக்காரிக்கு என்றுதான் காரைக் கொடுத்தேன், ரயர் போட்டதும் அதற்குத்தான், உல்லாசம் போகிறதுக்கு இல்லை என்றார். அவருக்கு நல்ல நாலு கதை கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா அவருக்கு முன்னால் போய்விட்டார்.

"வருத்தம் இருக்கு முதலாளி. பத்து வருஷ வருத்தம். அது எந்த டொக்டருக்கும் பிடிபடாது. திறப்பைக் குடுங்கோ."

அம்மா கையை நீட்டியபடி நின்றார். முதலாளி அம்மாவைப் பார்த்தார், விமலாவைப் பார்த்தார், பொனற்றுக்குள் இருந்த தம்பியின் முதுகையும் பார்த்தார். பிறகு திறப்பை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதை விமலாவிடம் கொடுத்தார். டிக்கியைத் திறந்து, துப்பட்டியையும் படிக்கத்தையும் வெளியே எடுத்து நிலத்தில் வைத்தார். பிறகு பின் கதவைத் திறந்தார். உள்ளே சிவனேஸ்வரி அக்கா வெற்றிலை வாயோடு ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"இறங்கு பிள்ளை," என்றார் அம்மா. "அதுகள் சும்மா போகுதுகள்."